நாகம்மாளும் அவளைப் படைத்தவரும்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் பயிலும் நம் மாணவ நண்பர்களிற் சிலர் மேரியா எட்ஜ்வொர்த் என்னும் அம்மையாரின் பெயரைக் கேள்வியுற்றிருப்பர். இங்கிலாந்திற் பிறந்து, தந்தையாரின் நிலபுலங்கள் இருந்த அயர்லாந்துச் சிற்றூரிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அவர், 1800-ஆம் ஆண்டில் ‘காஸில் ராக்ரெண்ட்’ என்னும் சிறு நாவலை வெளியிட்டார். நிலச்சுவான்தார் குடும்பமொன்று தலைமுறை தலைமுறையாகச் சீரழிந்த விருத்தாந்தத்தை, அக்குடும்பத்து முதிய காரியஸ்தன் தன் நாட்டுப் பேச்சிலேயே சொல்லிச் செல்கிறான். ஆங்கில வாசகருக்கு அப்பேச்சு விளங்காதென்று கருதிச் சொற்பொருள் விளக்கமொன்றையும் நூலோடு சேர்த்து அச்சிட வேண்டியதாயிற்று. ஒரு வட்டாரத்து மண்ணையும் மக்களையும் நாவலுக்கு உரிய பொருளாக்கலாம் என்ற துணிவு ஆங்கிலத்தில் அந்நூலால் வந்தது என்பர். ஸர் வால்ட்டர் ஸ்காட் 1814-இல் தம் ‘வேவர்லி’யை வெளியிட்டபோது, அவ்வம்மையாருக்குத் தாம் பட்ட கடனை அந்நூலிலேயே ஒப்புக்கொண்டார்.

அவ்வம்மையாரைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதக்கூடிய மாணவர், அதே காரியத்தைத் தமிழிற் செய்தவர் நம் கொங்கு நாட்டார் என்பதை அறியாதிருப்பது வியப்பே. அவர் ஆர். ஷண்முகசுந்தரம், நூல் ‘நாகம்மாள்’.

ஷண்முகசுந்தரம் 1917-ஆம் ஆண்டில் தாராபுரம் பக்கத்துக் கீரனூரிற் பிறந்தார். அப்பகுதி அந்நாளிற் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தது. இளமையிலேயே தாயை இழந்து, பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். ‘மணிக்கொடி’ எழுத்தாளர்களின் வரிசையில் இவரும் சேர்ந்து சிறுகதைகள் எழுதினார். பின்னர்க் கோவையிலிருந்து ‘வசந்தம்’ என்னும் பத்திரிகையைத் தம் சகோதரருடன் நடத்தினார். 1942-இல் ‘நாகம்மாள்’ கு. ப. ராஜகோபாலனின் முன்னுரையோடு வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணத்துக் கு. ப. ரா.வின் கைகொண்டு ஒரு கொங்கு நாட்டு உழவர் கதை உலகுக்கு வந்ததை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

இனிக் கதைக்கு வருவோம். சிவியார்பாளையம் என்னும் சிற்றூரிற் சின்னப்பன் என்னும் குடியானவன் வாழ்கிறான். உழைப்பாளி, எவரோடும் வம்புக்குப் போகாதவன். அவன் மனைவி ராமாயி, இருக்குமிடம் தெரியாத சாது. அதே வீட்டில், சின்னப்பனின் இறந்துபோன தமையன் மனைவி நாகம்மாள், தன் சிறுமகள் முத்தாயியுடன் இருக்கிறாள். கைம்பெண் என்றதும் நம் நாவல்களிற் பழகிப்போன கண்ணீர் முகம் வாசகர் மனத்தில் எழும். நாகம்மாள் அப்படிப்பட்டவளல்லள். நினைத்த இடத்துக்குப் போவாள், நினைத்ததைப் பேசுவாள். ஊரார் அஞ்சும் முரடனான கெட்டியப்பனோடு அவளுக்கு உண்டான நெருக்கத்தை ஊர் அறியும். ஆசிரியரும் மறைக்கவில்லை, அதற்காக அவளைத் தண்டிக்கவும் முற்படவில்லை.

கணவனுடைய பாகத்தைத் தனக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று நாகம்மாள் கேட்கிறாள். கெட்டியப்பன் அவளைத் தூண்டுகிறான். ஊர் மணியக்காரரும் தமக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டு உடன் நிற்கிறார். மறுபுறத்தில், ராமாயியின் தாய் காளியம்மாள், நிலத்தை விற்றுவிட்டுத் தன் ஊருக்கே வந்துவிடும்படி மகளையும் மருமகனையும் அழைக்கிறாள். அது நடந்தால் தானும் தன் குழந்தையும் நிற்க நிழலின்றிப் போவோம் என்ற அச்சம் நாகம்மாளுக்கு. இழுபறி முற்றிக் காட்டிலே கைகலப்பாகிக் கெட்டியப்பன் கையாற் சின்னப்பன் மடிகிறான். அவ்வளவில் நூல் முடிகிறது. நீதிமன்றம் இல்லை, தண்டனை இல்லை, அழுது தெளியும் காட்சியும் இல்லை. இம்முடிவு திடீரென்று வந்துவிட்டது எனக் குறை கூறுவோர் உண்டு. நமக்கோ, அடுத்த காட்டில் நிகழ்ந்த ஒரு சாவுச் செய்தியைக் கேட்டு ஓடிச் சென்று நின்றாற் போன்ற திகைப்பு ஏற்பட்டது. அதைக் குறையென்று சொல்ல மனம் வரவில்லை.

நாகம்மாள் கேட்டது நியாயந்தானா? இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். நாம் சட்டம் பயின்றவரல்லேம். ஆயினும் வெளிப்படையாகத் தெரிந்தவற்றைக் கூறலாம். பிரிவினையாகாத ஹிந்துக் குடும்பத்தில் ஆண்மகவின்றி ஒருவன் இறந்தால், அவன் பங்கு உடன்பிறந்தானைச் சேரும். மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டுமே என்பது பழைய முறை. 1937-ஆம் ஆண்டுச் சட்டம், கணவனுக்கு இருந்த பங்கைக் கைம்பெண் தன் ஆயுட்காலம் வரை அனுபவிக்கவும், பாகப் பிரிவினை கேட்கவும் உரிமை தந்தது. ஆனால் மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்தை அச்சட்டம் கட்டாது என்று 1941-இல் பெடரல் நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணத்தில் அவ்வுரிமை விவசாய நிலத்துக்கும் நீட்டிக்கப்பட்டது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால். முழு உரிமை கிட்டியது 1956-இல்.

ஆக, இந்நூல் வெளிவந்த 1942-ஆம் ஆண்டில், பட்டணத்து வீட்டில் பங்கு கேட்கக்கூடிய ஒரு கைம்பெண், தன் கணவன் வியர்வை சிந்திய காட்டில் பங்கு கேட்க வழியில்லாதிருந்தாள். நாவலாசிரியர் சட்டப் புத்தகத்தை மனத்திற் கொண்டு எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் ஒரு பெண் யாரைத் துணைக்கு அழைக்க நேரும் என்பதை அவர் கண்டு எழுதினார். நாகம்மாளுக்குக் கிடைத்த வக்கீல் கெட்டியப்பன். அவன் அறிந்த வாதம் அடிதடி ஒன்றே.

சின்னப்பன் பக்கமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. நம் வானம் பார்த்த பூமியில் நிலத்தைத் துண்டாடுவது துணியைக் கிழிப்பதுபோல் எளிதன்று. காட்டை அளந்து வரப்புப் போட்டுவிடலாம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில், ஒரே கிணற்றுக்கு முறைவைத்து, இன்ன நாள் இன்னாருக்கு என்று பங்காளிகள் இறைத்துக்கொள்வர். கோடையில் நீர் அடியைத் தொட்டபின் யாருடைய முறை என்பதில் எழும் சச்சரவு நம் ஊர்களில் எத்தனை குடும்பங்களை எதிரெதிர்த் திண்ணைகளில் உட்கார வைத்ததென்பதை, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் பெரியோரைக் கேட்டறியலாம். ஒன்றாய் இருந்தால் மட்டுமே சோறு போடும் நிலம் அது. பிரித்துக் கேட்பவளுக்கும் அதிலன்றி வேறெங்கும் சோறில்லை. இருவரும் நியாயமுடையோராய் இருந்தும் ஒருவர் மாளுகிறார்.

நூலின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியர் கதையை விவரிக்கும்போது பொதுத்தமிழில் எழுதுகிறார். பாத்திரங்கள் பேசும்போது கொங்குப் பேச்சே வருகிறது. அம்மிணி, அப்புச்சி, சாளை, தொண்டுப்பட்டி என்று நாம் வீட்டிற் கூசாமல் வழங்கும் சொற்களைக் கல்லூரி வாயிலைத் தாண்டியவுடன் மறைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. (இதை எழுதும் நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே செய்தோம்.) அப்பேச்சுக்கு அச்சிலே இடமளித்த ஷண்முகசுந்தரம், எட்ஜ்வொர்த் அம்மையாரின் நூலிற்போலச் சொற்பொருள் விளக்கத்தை நாடவில்லை, பேச்சின் போக்கிலேயே பிற நாட்டு வாசகருக்கும் பொருள் புலனாகிவிடும் என்று நம்பினார் போலும்.

‘நாகம்மாளு’க்குப் பின் ‘பூவும் பிஞ்சும்’, ‘பனித்துளி’, ‘அறுவடை’, ‘சட்டி சுட்டது’ முதலிய நாவல்களை அவர் எழுதினார். அவற்றுள் ‘சட்டி சுட்டது’ 1965-இல் வெளிவந்தது. ‘நாகம்மாளை’ப் படித்து முடித்தோர் அடுத்து அதனை எடுத்தல் நலம். வாழ்க்கைப்பாட்டின் பொருட்டு அவர் மொழிபெயர்ப்பிலும் பெரிதும் உழைத்தார். வங்க நாவல்கள் பலவற்றை ஹிந்தி வழியாகத் தமிழாக்கினார். விபூதிபூஷணரின் ‘பதேர் பாஞ்சாலி’ தமிழர்க்குக் கிடைத்தது அவராலேயே. அம்மொழிபெயர்ப்புகளுக்குச் செலவான ஆண்டுகளில் இன்னும் சில கொங்கு நாவல்கள் பிறந்திருக்கலாகாதா என்று ஏங்குவது நம் பேராசையாகவும் இருக்கலாம்.

1977-இல் அவர் மறைந்தார். விமரிசகர் க. நா. சுப்ரமண்யம் அவரை இடைவிடாது எடுத்துரைத்து வந்தார். பின்னாளிற் கொங்கு நாட்டு நாவலாசிரியரான பெருமாள்முருகன் அவர் படைப்புகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ‘நாகம்மாள்’ மறுபதிப்புகளும் கண்டிருக்கிறது. சிறு நூல்தான்; கோவையிலிருந்து தாராபுரம் செல்லும் பேருந்தில் ஏறியமர்ந்து தொடங்கினால், ஊர் சேருமுன் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். பல்லடம் தாண்டியதும் ஒருமுறை தலை நிமிர்ந்து சாளரத்துக்கு வெளியே காடுகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.