ஆடிப்பட்டம் இங்கே பலிக்காது!

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழமொழியை நம்பி மும்பையில் ஒரு பிடி கீரை விதையைத் தூவினால் என்ன ஆகும்? ஒரே இரவில் விதையும் போகும், மண்ணும் போகும்!

நெல்லைச் சீமையின் சமவெளியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ எவ்வளவோ, அவ்வளவு மழை இங்கே ஜூலை ஒரே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சராசரியாக 800 மில்லி மீட்டருக்கு மேல். ஆடி பிறப்பதோ அந்த ஜூலையின் நடுவில். ஊரில் வயலில் இறங்கி வேலை செய்த கைதான். ஆனாலும் இங்கே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

தண்டவாள வயல்

மும்பையில் காய்கறி போட நிலம் ஏது என்று கேட்கலாம். லோக்கல் ரயிலின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போனவர்களுக்கு விடை தெரியும். தண்டவாளத்தை ஒட்டிப் பச்சைப் பசேலென்று பாலக், மேத்தி, லால் மாட், முள்ளங்கி, வெண்டை என்று விளைந்து நின்றன!

இரண்டாம் உலகப் போரும் 1943 வங்கப் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலத்தில் எழுந்த முழக்கம் 'குரோ மோர் ஃபுட்'. அதாவது, அதிகம் விளைவிப்போம் என்பதாகும். அதே பெயரில் ரயில்வே ஒரு திட்டம் வைத்தது. தண்டவாளத்தின் ஓரம் சும்மா கிடக்கும் நிலத்தைக் கீழ்நிலை ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பயிரிடக் கொடுத்தது. குடிசைகள் முளைக்காமல் நிலமும் தப்பும், ஊழியர் வீட்டில் உலையும் கொதிக்கும் என்பது கணக்கு.

இங்கிலாந்திலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. தொழிலாளி குடும்பங்கள் காய்கறி போட்டுக்கொள்ள நகராட்சிகள் துண்டு நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒரு பங்கு என்பது நம் கணக்கில் சுமார் 6 சென்ட். அங்கே அது சட்டம் தந்த உரிமை. இங்கே இருந்தது அனுமதி மட்டுமே. ரயில்வேக்கு இடம் தேவை என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. ஆகவே தென்னை, முருங்கை என்று நின்று பலன் தரும் மரம் வைக்க யாருக்கு மனம் வந்திருக்கும்? ஒரு மாதத்தில் அறுக்கும் கீரையே கதியாக இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து?

பச்சையைப் பார்த்து மகிழ்ந்த கண், பக்கத்தில் ஓடும் நாலாவையும் பார்க்க வேண்டும். தண்டவாள வயல்களில் பலவற்றுக்குச் சாக்கடை நீரே பாசனமாக இருந்தது. அதில் கிருமி மட்டுமல்ல, தொழிற்சாலைக் கழிவின் ஈயமும் காட்மியமும் கலந்தன. கிருமியையும் அழுக்கையும் கழுவலாம், வேக வைக்கலாம். இலைக்குள் ஏறிய ஈயத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவது? காய்களைவிடக் கீரைகளே இந்த உலோகங்களை அதிகம் இழுக்கின்றன. ஏழை வீட்டுக்கு எளிதில் கிடைக்கும் சத்துணவே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது எவ்வளவு பெரிய கொடுமை!

பயிரிட்டவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குடிக்கவே குழாயடியில் வரிசையில் நிற்கும் ஊரில், செடிக்கு நல்ல தண்ணீர் யார் தருவார்?

கையளவு மண்

நிலம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2002ல் மும்பை போர்ட் டிரஸ்டின் மத்திய சமையல் கூடத்து மொட்டை மாடியில், கேட்டரிங் அதிகாரி பிரீத்தி பாட்டீல் ஒரு தோட்டம் தொடங்கினார். ஊழியர்களுக்குச் சமைக்கும்போது விழுந்த காய்கறித் தோலும் கழிவும் அங்கே மண்ணாயின. அந்த மண்ணில் காய்கறியும் பழமும் விளைந்தன.

நம் தாராவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. மித்தி ஆற்றோரம் 37 ஏக்கரில் காடாக நிற்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா, ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை மேடு! 1994ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

சாலின் மாடியிலோ வாசற்படியிலோ நாலு தொட்டி வைக்க இடம் இருந்தால் போதும். கும்பார்வாடாவில் மண் தொட்டி கிடைக்கும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசாயனம் வந்த பழைய டிரம்மில் கீரை போட வேண்டாம். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் செடிக்கு ஆகும். சோப்பு நீர் ஆகாது.

எந்த மாதத்தில் எது?

இங்கே கீரைக்குப் பட்டம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான். மழை ஓய்ந்த நேரம். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். மேத்திக்கு அவ்வளவு பொறுமைகூட வேண்டாம். கடலோர மணலில் விளைந்து சிறு கட்டாக விற்கிறதே 'சமுத்திர மேத்தி', அதைப் போல இரண்டு வாரத்தில் கிள்ளிவிடலாம். வெண்டையைத் தை, மாசியில் போடலாம். பாகலும் புடலையும் மழைக்கு முன்பே வைகாசியில் ஊன்றிப் பந்தல் ஏற்றினால் தப்பிக்கும்.

தொல்லைகளும் உண்டு. முளையைப் புறா கொத்தும். பழுத்த தக்காளியை நீங்கள் நாளைக்குப் பறிக்கலாம் என்று நினைத்தால், எலி இன்றைக்கே முடித்துவிடும். வெண்டையில் மாவுப்பூச்சி அடையும். ஊருக்குப் பதினைந்து நாள் போய்த் திரும்பினால் தொட்டியில் குச்சிதான் நிற்கும்.

லாபக் கணக்குப் பார்த்தால் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்குவதே மலிவு. ஆனால் தொட்டிக் கீரைக்கு ஊற்றிய தண்ணீர் எது என்று உங்களுக்குத் தெரியும். இந்த நகரத்தில் விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத பொருள் அந்த நிச்சயம்தான்.

அதற்காகவாவது வருகிற புரட்டாசியில் ஒரு தொட்டி வையுங்கள். பக்கத்து ரூம் பிள்ளைகளையும் கூப்பிட்டு விதை போடச் சொல்லுங்கள். கீரை கட்டாகத்தான் முளைக்கும் என்று நினைக்கும் பிள்ளைகள் நம்மிடையே வளர்ந்து வருகிறார்கள்!