பாசிக்கு ஓர் இடம்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குச் சற்று விலகி, நீர் வடியும் வேளையில் தலைகாட்டும் பாறைகளின்மேல் பச்சைப் பசேலென்று அப்பிக்கொண்டிருக்கும் பாசியை, அங்கே வருகிற பிரயாணிகள் வழுக்கி விழாமலிருக்க வேண்டுமே என்ற கவலையோடு மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வசிக்கும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அந்தக் கரைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வீட்டுக் கூடத்தில் 250 லிட்டர் கொள்ளும் கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை வைத்துக்கொண்ட நாள் முதல், மாதத்துக்கு ஒரு முறையாவது 20 லிட்டர் கேன்கள் நான்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போய், கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, முழங்கால் ஆழத்தில் நின்று நீர் மொண்டு வருவது எனக்கு வழக்கமாயிற்று. கடலே பக்கத்தில் இருக்கையில் கடல் மீன் வளர்ப்பதில் என்ன சிரமம் என்று நினைத்துத்தான் இதில் இறங்கினேன்.

ஐந்தாவது மாதத்தில் அந்த நினைப்பு தகர்ந்தது. முதலில் கண்ணாடியின்மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று தோன்றிற்று. அதைத் துடைத்து மாளவில்லை. பிறகு தொட்டிக்குள் அடுக்கியிருந்த கற்களின்மேல் பச்சை மயிர்போல் பாசி முளைத்து, விரல் நீளத்துக்கு வளர்ந்து, நீரோட்டத்தில் அலைந்தது. பழைய பல்துலக்கியால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்த்தெடுத்தால் வியாழக்கிழமைக்குள் மீண்டும் முளைத்துவிடும். சோதனைக் குப்பியில் நீரை எடுத்து மருந்துவிட்டுப் பார்த்தபோது அது செக்கச்செவேலென்று மாறி, லிட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாகக் காட்டியது.

காரணம் எளிது. மீன் தின்கிறது, தின்றதன் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே நீரில் விடுகிறது, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியா மீனைக் கொல்லும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. ஆனால் அதற்குமேல் அது போக வழியில்லை. தீனியோடு வந்த பாஸ்பேட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. கடலில் இவை எல்லையற்ற நீரில் கரைந்து, ஆயிரம் வகை ஜீவராசிகளுக்கு ஆகாரமாகிவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அவை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். மாதம் 80 லிட்டரை மாற்றினால், சேர்ந்த அழுக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வெளியேறும்.

மேல்நாட்டவர் இதற்கு வெகுநாள் கைக்கொண்ட உபாயம் ஒன்று உண்டு. பவளப்பாறைகளிலிருந்து பெயர்ந்த, நுண்துளைகள் நிறைந்த கற்களை உயிரோடு கொண்டுவந்து தொட்டியில் அடுக்குவார்கள். அவற்றின் உட்புறத்தில், பிராணவாயு புகாத இடுக்குகளில், வேறு வகை பாக்டீரியாக்கள் குடியிருந்து நைட்ரேட்டைச் சிதைத்துக் காற்றாக்கி வெளியேற்றும். நம் நாட்டில் அது கூடாது; கூடாது என்பது மிகவும் நியாயம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டு கல்பவளங்கள் அனைத்தையும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். உயிருள்ள பவளத்துக்கு மட்டுமன்றி, செத்த பவளக் கல்லுக்கும் அது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில், சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளம் வெட்டியெடுத்ததன் பலனாக இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பூவரசன்பட்டி என்றும் விலாங்குச்சல்லி என்றும் அவற்றுக்குப் பெயர் இருந்தது. பெயர் மட்டும் இருக்கிறது. இதை அறிந்த பின்னும் ஒரு மீன்தொட்டியின் அலங்காரத்துக்காகப் பவளக்கல் தேடுகிறவனுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. என் தொட்டியில் இருப்பவை சிமெண்டில் நானே வார்த்த கற்கள். அவற்றின் உள்ளே அந்த நுண்துளைகள் இல்லை.

அப்படியானால் நைட்ரேட்டை வெளியேற்ற நமக்கு என்ன வழி? இந்தக் கேள்வியோடு தவித்துக்கொண்டிருந்த நாளில், நீர் மொள்ளப் போன இடத்தில், கொக்கிலமேட்டைச் சேர்ந்த வயதான மீனவர் ஒருவர் வலையைப் பிரித்தபடியே என்னிடம் பேச்சுக் கொடுத்தார். பாசித் தொல்லையைச் சொன்னேன்.

"பாசி புடிச்ச பாறையிலதான் சார் மீனு மேயும். மொட்டப் பாறைய எந்த மீனும் சீண்டாது."

"தொட்டிக்குள்ள பார்க்க நல்லா இல்லையே, பெரியவரே."

"நீங்க தேச்சித் தேச்சி எடுத்தா மட்டும் நிக்குமா? எங்கனா ஒரு எடத்துல அது மொளைக்கத்தான் செய்யும்."

அவர் மறுபடி வலைக்குத் திரும்பிவிட்டார். நான் பாறையருகே போய் வெகுநேரம் நின்றேன். அலை வந்து பாறைமேல் ஏறுகிறது. பாசியை ஒரு புறமாகச் சாய்த்து, முழுக்க நனைத்துவிட்டு, வழிந்து இறங்குகிறது. ஒரு கணம் பாசி வெயிலிலும் காற்றிலும் நிற்கிறது. அடுத்த அலை வந்து எதிர்ப்புறமாகச் சாய்க்கிறது. ஆடாத நீரில் நிற்கும் இழையைச் சுற்றி, உணவு தீர்ந்த நீர் ஓர் உறைபோல் ஒட்டிக்கொண்டு புதிய உணவைத் தடுத்துவிடும். அலை அந்த உறையை ஓயாமல் கிழித்துக்கொண்டே இருக்கிறது. ஓர் இழையின் நிழல் மற்றோர் இழையின்மேல் நிலைத்து விழவும் அது விடுவதில்லை. ஆகவேதான் அலை மோதும் பாறையில் பாசி அத்தனை செழித்து வளர்கிறது.

இதையே சாஸ்திர முறைப்படி கவனித்து ஓர் உபகரணமாக்கியவர், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி. கரிபியன் கடலின் பவளத்திட்டுகளில் புல்தரைபோல் படர்ந்திருக்கும் குட்டைப் பாசி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை ஆராய்ந்த அவர், அதே பாசியை ஒரு வலைத் திரையின்மேல் வளர்த்து, விளக்கொளி காட்டி, வாளி வாளியாக நீரைக் கவிழ்த்து அலையை உண்டாக்கி, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பவளத்திட்டையே தொட்டிக்குள் வாழவைத்தார். 1982இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். பின்னாளில் அரிசோனா பாலைவனத்தில் எட்டுப் பேரை 1991 முதல் இரண்டு ஆண்டுகள் உள்ளே வைத்து அடைத்த 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடி மாளிகையின் செயற்கைக் கடலுக்கும் இந்த முறையே துணை நின்றது. ஆல்கே ஸ்க்ரப்பர் என்று மீன் வளர்ப்போர் இதனைச் சொல்வார்கள். பாசித்திரை என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டில் செய்துகொள்வதற்கு வாளி கவிழ்க்க வேண்டியதில்லை. அருவிபோல் நீர் வழியும் திரை போதும். கம்பளி நூலால் பூவேலை செய்வதற்கென்று விற்கிற, சதுரக் கண்கள் கொண்ட பிளாஸ்டிக் கேன்வாஸ் ஒன்று. முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஓரடி, ஒரு எல்போ, ஒரு எண்ட் கேப், நீருக்குள் அமிழ்ந்து ஓடும் சிறிய மோட்டார், இரண்டு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். திரையின் அளவை நிர்ணயிப்பது தொட்டியின் கொள்ளளவன்று, நாம் போடும் தீனி. ஒரு நாளைக்கு ஒரு கட்டி உறைந்த இறால் தீனிக்கு, இருபுறமும் ஒளி படுகிற திரை ஏறக்குறைய 75 சதுர சென்டிமீட்டர் வேண்டும். நான் போடுவது இரண்டு கட்டி. திரையைத் தாராளமாக 20 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமுமாக வெட்டினேன். அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு 50 லிட்டர் நீர் வழிய வேண்டுமென்பது அனுபவஸ்தர்கள் கண்ட கணக்கு. அப்படியானால் 1,000 லிட்டர். மேலே ஏறும்போது மோட்டாரின் வேகம் குறையுமாதலால், 2,000 லிட்டர் என்று எழுதியிருந்த மோட்டாரை வாங்கினேன்.

வேலையில் கடினமானது குழாயில் பிளவு போடுவதுதான். 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு, நூல் பிடித்தாற்போல் நேராக அது அமைய வேண்டும். குழாயைக் கதவு நிலையின் மூலையில் அழுத்தி வைத்துப் பென்சிலால் கோடு கிழித்து, ஹேக்ஸா பிளேடுகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அறுத்தேன். முதல் குழாயில் பிளவு கோணிற்று. நீரெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொட்ட, திரையின் மறுபாதி காய்ந்துகிடந்தது. இரண்டாவதை அவசரமில்லாமல் அறுத்து, உப்புத்தாளை மடித்துப் பிளவுக்குள் விட்டு, பிசிறு போகும்வரை இழுத்தேன். பிறகு கேன்வாஸை முரடாக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பாசி வேர்கொள்ளாமல் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்துவிடும். ரம்பத்தின் பல்லால் இருபுறமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தடவினால் கள்ளிச்செடிபோல் கையில் குத்துமளவுக்கு ஆக்கினேன். திரையின் மேல்விளிம்பைப் பிளவுக்குள் செருகி, மூன்று கேபிள் டைகளால் இறுக்கி, குழாயின்மேல் கறுப்பு டேப் சுற்றினேன். ஒளி பட்டால் பிளவுக்குள்ளேயே பாசி முளைத்து நீரை அடைத்துவிடும். தொட்டியின் கீழுள்ள சம்ப் என்ற துணைத்தொட்டியில் திரையின் அடிவிளிம்பு நீரைத் தொடும்படி தொங்கவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக விளக்கைப் பொருத்தி, முதல் இரண்டு வாரம் நாளுக்கு 10 மணி நேரமும், பின்னர் 16 மணி நேரமும் எரியவிட்டேன். இலைப்பச்சை விரும்பி உண்ணும் ஒளி சிவப்பு. 660 நானோமீட்டர் என்று விளக்கின்மேல் எழுதியிருக்கும்.

உப்புநீர் தெறிக்கும் இடத்தில் மின்சாரம் இருப்பதால் இரண்டு விஷயங்களில் அலட்சியம் ஆகாது. மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் அவசியம் இருக்க வேண்டும். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, வழிகிற நீர் அங்கேயே சொட்டிவிடும்படி அமைய வேண்டும்.

ஒன்பது நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. பத்தாம் நாள் திரையில் பழுப்புக் களிம்பு படிந்தது. அதை லேசாக வழித்துவிட்டேன். நான்காவது வாரத்தில் ஒரு காலை, விளக்கு ஏற்றுவதற்காகக் குனிந்தபோது, கேன்வாஸின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பச்சை இழை புறப்பட்டு, வழிகிற நீரோடு சேர்ந்து சீவிவிட்ட கூந்தல்போல் இறங்கியிருப்பதைக் கண்டேன். அதனிடையே கடுகிலும் சிறிய கூனிப்பூச்சிகள் ஓடித் திரிந்தன. மாமல்லபுரத்துப் பாறையின் ஒரு துண்டு என் கூடத்துக்கு வந்துவிட்டதாகவே தோன்றியது. பாசி என்றால் அருவருக்கிற நம் ஊரில்தான், சென்னையில் பிறந்த எம்.ஓ.பி. ஐயங்கார் தம் வாழ்நாள் முழுவதையும் பாசிகளின் ஆராய்ச்சிக்கே அர்ப்பணித்து, இந்தியப் பாசியியலின் தந்தை என்று பெயர் பெற்றார் என்பதை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

பாசி வளர்வதோடு காரியம் முடிந்துவிடவில்லை. நீரிலிருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இப்போது பாசியின் உடம்பாகியிருக்கின்றன. அந்த உடம்பை வெளியே எடுத்தால்தான் அவையும் வெளியேறும். விட்டுவிட்டால் அடியிலுள்ள இழைகள் ஒளியின்றி அழுகி, உண்டதையெல்லாம் மீண்டும் நீரிலேயே விட்டுவிடும். ஆகவே ஏழிலிருந்து பத்து நாட்களுக்கு ஒரு முறை திரையைக் கழற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுகிறேன்; அப்போதுதான் பாசியை மேய்கிற பூச்சிகளின் தொகை கட்டுக்குள் இருக்கும். வேர் மட்டும் திரையில் தங்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தார் பாக்கு விரிகுடாவில் கடல்விரால் வளர்க்கும் கூண்டுகளைச் சுற்றிக் கப்பாஃபைகஸ் பாசி மிதவைகளைக் கட்டியதும் இதே தத்துவத்தில்தான். மீனின் கழிவைப் பாசி உண்ண, பாசியை மனிதன் அறுவடை செய்கிறான்.

இரண்டு மாதத்தில் நைட்ரேட் 80இலிருந்து 20க்கு இறங்கியது. நான்காம் மாதம் 10க்குக் கீழ். கற்களின்மேலிருந்த பாசி வெளிறி, உதிர்ந்து, தானே ஒழிந்தது. நான் அதைத் தொடக்கூட இல்லை. பெரியவர் சொன்னது அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.

இந்தக் கரையில் இதைச் செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலாறும் முட்டுக்காடு முகத்துவாரமும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால், கரையோரக் கடல்நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அந்த மாதங்களில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்காமல் நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. மற்றக் காலத்திலும் மொண்ட நீரை மூடி, இருட்டில் ஒரு வாரம் தெளியவிடுவது நல்லது. திரையில் நீர் வழிவதால் ஆவியாதல் அதிகம். அக்கினி நட்சத்திரத்தில் நாளுக்கு மூன்று லிட்டர்கூடக் குறையும். அதை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. தண்ணீரே, கடல்நீரன்று; ஏனெனில் ஆவியாகப் போவது நீர், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. முதல் கோடையில் இதை யோசியாமல் கடல்நீரையே ஊற்றிவந்து ஒரு மீனை இழந்தேன். இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டுக்குப் பாசி அஞ்சாது, ஈரம் காக்கும்.

தொட்டியில் இப்போது இருப்பவை, குஞ்சுப்பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்கள் இரண்டும் சிறு மீன்கள் மூன்றும். பரங்கிப்பேட்டை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் மண்டபத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் வித்தையை நம்மவர்கள் கைவரச் செய்துவிட்டார்கள். ஆகவே பவளத்திட்டிலிருந்து பிடித்து வர வேண்டிய அவசியம் இல்லை. கடல் மீன் வளர்க்க ஆசைப்படும் அன்பர்கள், கடைக்காரரிடம் குஞ்சுப்பொரிப்பகத்து மீனையே கேட்டு வாங்குங்கள். பவளக்கல்லை அவர் எடுத்து நீட்டினால் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு கேன்வாஸும் ஓரடிக் குழாயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.