மறதி நோய்க்கு அக்குபங்சர் பலன் தருமா?

ஏரலில் ஒரு வீட்டில் பெரியவருக்கு மறதி கூடினால், அக்குபங்சர் செய்து பார்க்கலாம் என்ற யோசனை இன்று எளிதாக வருகிறது. இந்திய அரசு 2003லேயே அதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. ஆனால் அந்த ஏற்பு, மறதி நோய் அதனால் குணமாகும் என்பதற்கு நிரூபணம் ஆகாது. அக்குபங்சர் ஊசி நரம்புகளைத் தூண்டுவதும், அந்தத் தூண்டல் மூளையை எட்டுவதும் உண்மை. முன்னேற்றம் கண்டதாகச் சீன ஆய்வுகள் பல சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. கூடுதல் கவனிப்பும் எதிர்பார்ப்பும்கூட நினைவுத் தேர்வின் மதிப்பெண்ணை உயர்த்திவிடும். தோலைத் துளைக்காத போலி ஊசியோடு ஒப்பிட வேண்டியிருப்பது இதனால்தான். இரத்தக்குழாய் பாதிப்பால் வரும் மறதி நோய் குறித்து 2007இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் தேடியபோது, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட தகுதியான ஆய்வு ஒன்றுகூட அகப்படவில்லை.

கெடுதல் இல்லையே, செய்தால் என்ன என்று கேட்பார்கள். தேர்ந்த கையில் ஆபத்து குறைவுதான். என் கவலை வீணாகும் காலத்தைப் பற்றியது. பி12 குறைவும் தைராய்டு குறைவும் மனச்சோர்வும் மறதியாகவே தோன்றும், அவற்றைச் சரிசெய்யவும் முடியும். காது மந்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளிட்ட 14 காரணிகளைக் கவனித்தால் சுமார் 45% மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணையம். எனவே முதலில் இரத்தப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் நடக்கட்டும். விருப்பமிருந்தால், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாமல், அதன் பிறகு ஊசி.