பள்ளித் தோட்டத்திற்கு உயிர்வேலி

மழைக்காலத்தில் மாணவர்கள் நட்ட கன்றுகள், கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது பல பள்ளிகளில் இருப்பதில்லை. காய்ந்தவை சில, ஆடு மேய்ந்தவை பல. தான் நட்ட செடி அழிந்ததைக் கண்ட குழந்தை அடுத்த ஆண்டு ஆர்வத்தோடு மண்வெட்டியைத் தொடாது. ஆகவே தோட்டம் அமைக்குமுன் வேலியைத் திட்டமிடுவோம்.

திருவண்ணாமலையே இதற்குச் சான்று. மேய்ச்சலாலும் விறகு வெட்டுவதாலும் கோடைத் தீயாலும் மொட்டையாகிக் கிடந்த மலையில், 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் மரம் நட்டு வருகின்றனர். நடுவதோடு நில்லாமல் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்துக் காத்ததால்தான் அங்கே பசுமை திரும்பியது.

எந்த வேலி?

முள்கம்பி மாட்டைத் தடுக்கும். ஆட்டுக்குட்டி கம்பிகளுக்கிடையே நுழைந்துவிடும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் அது ஆபத்தும்கூட. கள்ளியின் பால் கண்ணைக் கெடுக்கும் என்பதால் அதுவும் வேண்டாம். நொச்சி, ஆடாதோடை இரண்டின் இலையையும் ஆடு விரும்பாது. இரண்டும் வறட்சி தாங்கும், போத்து நட்டாலே துளிர்க்கும். குரங்கை எந்த வேலியும் தடுக்காது. கிரிவலப் பாதையை ஒட்டிய பள்ளிகள் பழச்செடிகளைக் குறைத்து, கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி வளர்க்கலாம்.

அமைக்கும் முறை

15 மீ. நீளம், 10 மீ. அகலமுள்ள தோட்டத்தின் சுற்றளவு 50 மீ. வாயிலுக்கு 1 மீ. விட்டால் வேலி 49 மீ. 25 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசைக்கு ஏறத்தாழ 400 போத்துகள் தேவை. இக்கணக்கை மாணவர்களே போடட்டும். விரல் பருமனுள்ள முற்றிய கிளையை ஒன்றரை அடி நீளத்தில் சாய்வாக வெட்டி, அரை அடி மண்ணுக்குள் போகுமாறு நட வேண்டும். இரண்டாம் வரிசைப் போத்து, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக அமைய வேண்டும். புரட்டாசி, ஐப்பசி மழை இதற்கு ஏற்றது.

வேலி அடர்ந்து வளரும்வரை வெளிப்பக்கம் மூங்கில் படலோ காய்ந்த முள்ளோ காவலாக இருக்கட்டும். சீமைக்கருவேல முள் என்றால் காய்களை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அதுவே முளைத்துப் பரவும்.

பராமரிப்பு

செடி இடுப்பளவு வளர்ந்ததும் முழங்கால் உயரத்தில் கவாத்து செய்தால் அடியிலிருந்து பக்கக் கிளைகள் வரும். ஆடு நுழைவது அடிப்பகுதி இடைவெளியில்தான். அங்கே கிளைகளைப் பின்னிவிடலாம், பட்டுப்போன இடத்தில் புதுப் போத்து நடலாம். மாசிக்குள் காய்ந்த புல்லை அகற்றுவது தீயைத் தடுக்கும். முதல் கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார், எந்த நாளில் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் மார்ச் மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

மதில் காக்கும் வீரர் நொச்சிப்பூ சூடியதால் அத்திணைக்கு நொச்சி என்று பெயர். தமிழாசிரியர் அப்பாடத்தை வேலியோரத்திலேயே நடத்தலாம்.