கூட்டத்தில் பேசாதவர்கள் எங்கே பேசுவார்கள்?

எல்லவிலிருந்து வரும் ரயில் தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தால் வெளியேறி பதுளைக்குப் போகிறது. நேரே இறங்க முடியாத சரிவு அது. நமது தோட்டத்து மக்களின் பேச்சும் பல வேளைகளில் அப்படித்தான். பொதுக்கூட்டத்தில் "என்ன குறை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். உண்மையான குறை, பீலிக்கரையில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் வெளிவரும்.

மண்சரிவினால் வீடு இழந்து பாடசாலை மண்டபமொன்றில் தங்கியிருக்கும் அறுபது குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். குழுத் தலைவர் நல்லவர், ஓடியாடி உழைப்பவர். கூட்டம் கூட்டி, நிவாரணப் பொருட்களைக் காலை எட்டு மணிக்குப் பகிர்வதாக அறிவிக்கிறார். முன்வரிசை ஆண்கள் தலையாட்டுகிறார்கள். அந்த நேரத்தில் கொழுந்துக்காரப் பெண்கள் மலையில் நிற்பார்களே! பின்வரிசையில் பிள்ளையோடு இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. பத்து நாளில் "தலைவர் ஆள் பார்த்துக் கொடுக்கிறார்" என்ற கதை கிளம்பிவிடும். குழு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். களவினால் அல்ல, கேளாமையினால்.

இதற்கு உதவும் ஒரு முறை உண்டு. ஒரே நிலைமையில் உள்ள ஆறு முதல் பத்துப் பேரைத் தனியாக உட்காரவைத்து, ஒரே விடயம்பற்றி ஒரு மணி நேரம் பேசவிடுவது. வெளியூரார் இதை 'போகஸ் குறூப்' என்பர். நாம் சிறுகுழு உரையாடல் என்போம். 1941இல் அமெரிக்காவில் ராபர்ட் மேர்ட்டன் என்ற சமூகவியலாளர் ஒரு வானொலி ஆய்வைப் பார்க்கச் சென்றார். நிகழ்ச்சி பிடித்தால் பச்சைப் பொத்தானையும் பிடிக்காவிட்டால் சிவப்பையும் அழுத்தும்படி கேட்போருக்குச் சொல்லியிருந்தார்கள். பின்னர் காரணம் கேட்டவரோ, தாமே விடையை எடுத்துக்கொடுக்கும் விதமாகக் கேட்பதை மேர்ட்டன் கண்டார். அதைத் திருத்தப் போனதிலிருந்து இம்முறை வளர்ந்தது. நமது தலைவர்கள் பலரும் இன்றும் விட்டுக்கொண்டிருப்பது அதே பிழைதான்: "எல்லாருக்கும் சம்மதந்தானே?"

நமது பதுளை மாவட்டத்திலேயே, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயன்கள் மண்ணில் புதைந்தன. அபாயம்பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. "எழும்பிப் போங்கள்" என்று சொல்வது ஒரு வேலை. போகவிடாமல் பிடித்துவைப்பது எது என்று கேட்பது வேறு வேலை. தாய்மாரைக் கேட்டால் பள்ளிக்கூடத் தூரத்தைச் சொல்லக்கூடும். கொழுந்தெடுப்பவர் செக்றோலில் பெயர் போய்விடுமோ என்பார். மரக்கறித் தோட்டமும் மாடும் வைத்திருப்பவருக்கு வேறு கவலை. ஒரே கூட்டத்தில் இவை எல்லாம் வெளிவரா.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நமது மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதால், எங்கே குடியேறுவது என்ற கேள்வி மீண்டும் பல குடும்பங்களின் முன் நிற்கிறது. ஆகவே இடம் முடிவாகுமுன் உங்கள் குழு இதைச் செய்து பார்க்கலாம்.

பெண்கள், இளைஞர், முதியோர் தனித்தனியே அமரட்டும். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் வேண்டாம். ஒருவர் வாய் மற்றவரால் அடைபடும். கங்காணியும் அவர் கையாட்களும் அப்படியே. கொழுந்து நிறுத்து முடிந்த மாலை நேரம் நல்லது. சம்பள நாள் வேண்டாம். தலைவர் அந்த வட்டத்தில் இருக்கக் கூடாது. இதுதான் பலருக்குக் கசக்கிறது. "நான் இல்லாமல் என்னைப்பற்றிப் பேசுவார்களே" என்பார்கள். பேசத்தான் செய்வார்கள், பீலிக்கரையில் ஏற்கெனவே பேசுகிறார்கள். ஒருவர் கேட்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். எழுதுபவர் யார் சொன்னார் என்பதை விட்டு, என்ன சொன்னார் என்பதை மட்டும் குறிக்கட்டும். "அந்த இடத்துக்குப் போனால் உங்கள் ஒரு நாள் எப்படி விடியும்?" போன்ற கேள்வியோடு தொடங்கலாம்.

எட்டுப் பேர் சொன்னதை ஊர் முழுவதன் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். எத்தனை பேர் என்பதை அறிய வீடுவீடாகத்தான் போக வேண்டும். ஏன் என்பதே இங்கே கிடைக்கும்.

ஒரு வாரத்துக்குள் தலைவர் அதே வட்டங்களுக்குத் திரும்பிவந்து குறிப்பை வாசித்துக்காட்டட்டும். பிரதேச செயலகத்தில் பேசக்கூடியது எது, குழுவே மாற்றக்கூடியது எது என்று பிரித்துச் சொல்லட்டும். முடியாததை முடியாது என்றே சொல்லட்டும். பகிர்வு நேரத்தை மாலைக்கு மாற்றுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதை அன்றே செய்துவிடலாம்.