எந்த ஆட்டம் நல்ல ஆட்டம்?

குழந்தைகளே! கொல்லிமலைக்கு வந்திருக்கிறீர்களா? நாமக்கல் பக்கமிருந்து ஏறினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே வருகிறேன் என்று ஜம்பமாக ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேர் நாற்பதாவது வளைவுக்குள் கண்ணை மூடிக்கொள்வார்கள்!

போன கோடை விடுமுறைக்கு என் பேரன் அப்படித்தான் வந்து இறங்கினான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். மடியில் ஓர் அட்டைப் பெட்டி. துணிப்பையைக் கூட பேருந்திலேயே மறந்துவிடுவான் போலிருந்தது, ஆனால் பெட்டியை விடவில்லை. உள்ளே ஒரு ரிமோட் ஹெலிகாப்டர்!

திருவிழாக் கடையில் விற்கும் பொம்மை ஹெலிகாப்டர் அல்ல அது. கல்லூரி மாணவர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. இறக்கை ஒவ்வொன்றும் 325 மி.மீ. நீளம். உண்மையான ஹெலிகாப்டரில் இருப்பதுபோலவே இறக்கைகளின் சாய்வு கூடும், குறையும்.

மறுநாள் காலை, சாமை அறுத்துவிட்டுச் சும்மா கிடந்த காட்டில் பறக்கவிட்டான். எழும்பியது. ஆனால் வால் பகுதி நடுங்கியது. காய்ச்சல்காரன் உடம்புபோல ஒரே உதறல்!

"தாத்தா, ஊரில் இவ்வளவு உதறாதே!" என்றான்.

எனக்கு உடனே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வாத்தியார் இல்லையா! "இங்கே நாம் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான்" என்றேன். பாதி சரி. காற்று மெலிந்தால் தூக்கும் சக்தி குறையும்; மோட்டார் அதிகம் உழைக்க வேண்டும். ஆனால் மெல்லிய காற்று எதற்காக நடுக்கம் தர வேண்டும்? அன்று அதை நான் யோசிக்கவில்லை.

இறக்கையின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மேலும் கீழும் லொடலொடவென்று ஆடியது. முன்னும் பின்னும்கூட அசைந்தது. "இதோ, எல்லாம் லூஸ்!" என்று ஆலன் கீயை எடுத்து, கண்ணில் பட்ட திருகை எல்லாம் கை வலிக்க இறுக்கினேன். இறக்கைகள் இம்மியும் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுபடி ஓடவிட்டான். இம்முறை எழும்பவே இல்லை. தரையிலேயே பேயாட்டம் ஆடிச் சரிந்தது. ஓர் இறக்கை கல்லில் அடித்து, அதன் நுனி பறந்துபோய்ப் பக்கத்து மாட்டுக்கொட்டகைத் தகரத்தில் 'டங்' என்று மோதியது. நல்லவேளை, முப்பது அடி தள்ளிப் பலாமரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று பேரன்தான் என்னைப் பிடித்து இழுத்து வந்திருந்தான்.

அந்த நுனி என்ன வேகத்தில் வந்திருக்கும்? கணக்குப் போடலாமா? நுனி சுற்றும் வட்டத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். நிமிடத்துக்கு 2500 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் ஒரு நிமிடத்தில் 5500 மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு? 330 கிலோமீட்டர்! 30 கிராம் இறக்கை அந்தச் சுற்றலில் தன் பிடியைச் சுமார் 40 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். 2013இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், நன்றாகப் பழகிய 19 வயது இளைஞர் ஒருவர், தாம் ஓட்டிய ரிமோட் ஹெலிகாப்டரே மோதி உயிரிழந்தார். அது இதைவிடப் பெரிய ரகம். ஆனாலும், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடக்கூடாது, தெரிந்ததா?

சரி, கதைக்கு வருவோம். செம்மேட்டில் ஒரு மெக்கானிக் கடை. நாமக்கல்லில் லாரி வேலை பழகியவர். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்தான். அந்த 70 வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிகளின் முன்சக்கரங்களுக்கு அவரிடம் எப்போதும் வேலை இருக்கும்.

நாங்கள் போனபோது ஒரு சின்ன லாரியின் முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டினார். 'டக்... டக்...' என்றது. "பிரேக்கை மிதிடா" என்று உள்ளே இருந்த பையனிடம் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். இப்போதும் 'டக்... டக்...'

"கிங்பின் போயிருக்கு சார்" என்றார்.

"பிரேக் எதற்கு மாமா?" என்றான் பேரன்.

"தம்பி, சக்கரம் ஆடுச்சுன்னா ரெண்டு இடத்திலேர்ந்து வரலாம். ஒண்ணு சக்கரத்துக்குள்ள இருக்கிற பேரிங். இன்னொண்ணு, சக்கரம் திரும்புறதுக்கு இருக்கிற கிங்பின். பிரேக் மிதிச்சா சக்கரம் அதோட பிடியில ஒட்டிக்கும். பேரிங் ஆட்டம் நின்னுபோகும். அப்பவும் ஆடுதுன்னா கிங்பின்தான். ஒரு ஆட்டத்தை அடக்கிட்டு இன்னொண்ணைப் பார்க்கணும். எல்லாத்தையும் ஒண்ணா ஆட்டினா எதுவும் தெரியாது."

நான் ஹெலிகாப்டரை நீட்டினேன். செய்த காரியத்தையும் சொன்னேன். சிரித்தார். "அப்போ முதல்ல நீங்க இறுக்கினதை எல்லாம் பழையபடி தளர்த்தணும் சார்."

பேட்டரியைக் கழற்றச் சொன்னார். பிறகு இருவரும் தலையைப் பார்த்தார்கள். தலை என்றால் இறக்கைகள் வந்து சேரும் இடம். அதற்கு நடுவில் நேராக நிற்கும் பெரிய தண்டு. தலைக்குள்ளே குறுக்காக ஓடும் மெல்லிய இரும்புத் தண்டு. அது இரண்டு பக்கமும் ரப்பர் வளையங்களில் உட்கார்ந்திருக்கிறது. அதன் இரு முனைகளிலும் இறக்கைப் பிடிகள். கீழே ஸ்வாஷ் பிளேட் என்னும் தட்டு. அது சாய்ந்தால், சின்னக் கம்பிகள் வழியாக இறக்கைகளும் சாயும்.

ஒரு கையில் உடலைப் பிடித்து, இன்னொரு கையால் தலையை மேலே இழுத்தார், கீழே அழுத்தினார். அசைவில்லை. பெரிய தண்டின் பேரிங்குகள் நலம். இறக்கைப் பிடியை நேராக வெளியே இழுத்தார். அங்கும் ஆட்டமில்லை.

அடுத்து இறக்கையைப் பிடியோடு சேர்த்து முறுக்கிப் பார்த்தார். இங்கே கொஞ்சம் ஆட்டம் இருந்தது. கம்பிகளின் முனையில் பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் குட்டிப் பந்து. அந்தக் கிண்ணங்களில் ஒன்று தேய்ந்திருந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? கம்பி பிடிக்கும் கை 20 மி.மீ. நீளம். அதன் முனையில் 0.35 மி.மீ. ஆட்டம் இருந்தால் இறக்கை ஒரு டிகிரி சாய்ந்துவிடும். அந்தரத்தில் நிற்கும்போது இறக்கையின் மொத்தச் சாய்வே ஐந்தாறு டிகிரிதான்!

"இது மாத்த வேண்டியதுதான். ஆனா அந்த உதறல் இதனால இல்ல" என்றார்.

பிறகு இறக்கை நுனிகளை மேலும் கீழும் ஆட்டினார். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியது, ஏற்றப்பலகை போல. நான் "லூஸ்" என்று சொன்ன அதே ஆட்டம். "இதைப் பாருங்க சார். விட்டதும் தானாப் பழைய இடத்துக்கு வருது. இது ரப்பர். இப்படித்தான் இருக்கணும். ரப்பர் திரும்பி வரும். தேய்மானம் திரும்பி வராது, விட்ட இடத்துலயே நிக்கும்."

சொல்லிக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டார். ரப்பரின் அசைவுக்கு நடுவில் மெல்லிய ஒரு 'டிக்'. எங்கிருந்து? துணி சுற்றிய குறட்டால் பெரிய தண்டைத் தலைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொண்டார். "இதுதான் நம்ம பிரேக்" என்றார். பேரனின் கட்டைவிரல் நகத்தைப் பாதி தண்டிலும் பாதி தலையிலும் படுமாறு வைக்கச் சொல்லி, இறக்கையை ஆட்டினார்.

"மாமா! நகத்தில் இடிக்கிறது!" என்று கத்தினான் பேரன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் நகத்துக்குத் தெரிந்துவிட்டது.

தண்டையும் தலையையும் இணைப்பது குறுக்கே போகும் ஒரே ஒரு போல்ட். கழற்றினார். முன்பு வைத்திருந்தவர் எப்போதோ போல்ட் மாற்றியிருக்கிறார். நடுப்பகுதி வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில், முழுக்க மரை போட்ட சாதாரண போல்ட்! மரையின் கூர்மை அரம் மாதிரி துளையை ராவிவிட்டது. வட்டத் துளை முட்டை வடிவமாகியிருந்தது. இறுக்க இறுக்கவா சரியாகும்? துளையே பெரிதாகிவிட்டதே!

அப்படியானால் நான் இறுக்கியதும் ஏன் இன்னும் மோசமாயிற்று? இறக்கை பிடிக்குள் முன்னும் பின்னும் கொஞ்சம் அசைய வேண்டும். சுற்றும்போது அது தானாகவே நேராகிக்கொள்ளும். கோணலாக இருந்த நிலையில் நான் இறுக்கிவிட்டதால், ஒரு பக்கம் கனத்த பம்பரம்போல ஆடியது. சரியான அளவுக்கு ஒரு சோதனை உண்டு. ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இறக்கை தன் எடையால் தொங்கக்கூடாது. லேசாக ஓர் உலுக்கு உலுக்கினால் தொங்க வேண்டும்.

நான் செய்த தவற்றை, நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய பொறியாளரும் செய்தார் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்! ஸ்பெயின் நாட்டின் ஹுவான் தெ லா சியர்வா. தலைக்கு மேல் இறக்கைகள் சுற்றும் 'ஆட்டோஜைரோ' என்ற விமானத்தை உருவாக்கியவர். அவர் முதலில் கட்டியவை எல்லாம் எழும்பும் முன்பே பக்கவாட்டில் கவிழ்ந்தன. விமானம் முன்னே ஓடும்போது, முன்னோக்கி வரும் இறக்கைக்குக் காற்று அதிகம். பின்னோக்கிப் போகும் இறக்கைக்குக் குறைவு. ஒரு பக்கம் அதிகமாகத் தூக்கினால் கவிழாதா?

வேடிக்கை என்னவென்றால், அவர் செய்த சின்ன மாதிரி மட்டும் அழகாகப் பறந்தது! யோசித்தார். மாதிரியின் இறக்கைகள் பிரம்பால் ஆனவை. அவை வளைந்து கொடுத்தன. பெரிய விமானத்தின் இறக்கைகளோ விறைப்பானவை. உடனே ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் கதவுக்கு வைப்பதுபோல ஒரு கீல் வைத்தார். காற்று அதிகமானால் இறக்கை தானே மேலே எழும்பிக்கொள்ளும். 1923 ஜனவரியில் அவருடைய சி.4 விமானம் கவிழாமல் பறந்தது.

நம் அரக்கோணத்தில் 1992இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை தளத்தில் பயிற்சிக்குப் பறந்த சேத்தக் ஹெலிகாப்டருக்கும் இப்படிக் கீல்கள் உண்டு. பெங்களூருவில் உருவான, 1992 ஆகஸ்டில் முதலில் பறந்த துருவ் ஹெலிகாப்டருக்குக் கீல் கிடையாது. அதன் இறக்கை வேர்ப்பகுதி வளையும் பொருளால் ஆனது. பேரனின் ஹெலிகாப்டரில் அந்த வேலையை ரப்பர் வளையம் செய்கிறது.

வேண்டாத ஆட்டமும் விரிசலும் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பெரிய ஹெலிகாப்டரில் விடமாட்டார்கள். 2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் துருவ் ஒன்று விழுந்து மூன்று பேர் இறந்தனர். விசாரணையில் ஸ்வாஷ் பிளேட் உடைந்திருந்தது தெரியவந்தது. நாடெங்கும் இருந்த 300க்கும் மேற்பட்ட துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. ராணுவத்தின் துருவ்கள் மீண்டும் எழும்ப மாதக்கணக்கில் ஆயிற்று.

எங்களுக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று. கோவையிலிருந்து புதுத் தலை, புதுத் தண்டு, சரியான போல்ட், ஒரு ஜோடி இறக்கை எல்லாம் கூரியரில் வந்தன. குறுக்குத் தண்டைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தோம். வளைந்திருந்தால் துள்ளும். துள்ளவில்லை, தப்பித்தது.

ஓர் இறக்கை நுனியில் சிவப்பு நாடா, இன்னொன்றில் மஞ்சள் நாடா ஒட்டினான் பேரன். தூரத்தில் நின்று பக்கவாட்டில் பார்த்தால், இரண்டு நிறமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒன்று மேலே தெரிந்தால் அதன் கம்பியை ஒரு சுற்று திருக வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய ஹெலிகாப்டர்களுக்கும் இப்படித்தான் பார்த்தார்கள். நுனிகளில் நிறச் சுண்ணம் பூசி, சுற்றும்போது கம்பில் கட்டிய துணியை மெல்ல நீட்டி, துணியில் விழுந்த நிறங்களை ஒப்பிடுவார்கள். துணி பிடித்தவரின் தைரியத்தை நினைத்துப் பாருங்கள்! இப்போது அதற்குக் கருவிகள் வந்துவிட்டன.

பலாமரத்துக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர். மெக்கானிக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். ஹெலிகாப்டர் எழும்பி, கண் மட்டத்தில் அசையாமல் நின்றது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஒரே ஆரஞ்சுக் கோடு. வாலில் நடுக்கமே இல்லை. பேட்டரி தீரும்வரை யாரும் பேசவில்லை.

பழைய போல்ட்டைப் பேரன் ஊருக்கு எடுத்துப் போகவில்லை. செம்மேட்டுக் கடையில், தேய்ந்த கிங்பின்கள் வரிசையாக வைத்திருக்கும் பலகையின் ஓரத்தில் அது இருக்கிறது. தீக்குச்சி அளவுதான். தேடித்தான் பார்க்க வேண்டும்.