வெற்று ஓட்டில் குடியேறும் உயிர்

மட்டியோ சிப்பியோ அவித்துச் சதையை எடுத்த பின் ஓட்டை என்ன செய்கிறோம்? கோடிப்புறத்தில் கொட்டிவிடுகிறோம். இடித்துக் கோழிக்குப் போடுவோரும் உண்டு. சுண்ணாம்புச் சூளைக்குப் போன ஓடுகளும் உண்டு.

அந்த வெற்று ஓடுகளைச் சேர்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் கடலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மனிதர்கள் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறார்கள். இவர்கள் கடற்றொழிலை நம்பி வாழ்பவர்கள் அல்லர். ஓய்வு நாட்களில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்கள். இந்த வேலைக்கு இவர்களுக்குக் கூலி கிடையாது. பின் ஏன் செய்கிறார்கள்?

அழிந்துபோன பார்கள்

பிரிஸ்பேன் நகரின் முன்னால் விரிந்து கிடப்பது மோர்ட்டன் குடா. அதன் வடக்கில், பிரைபி தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில், பமிஸ்டோன் என்ற ஒடுங்கிய நீர்ப்பாதை இருக்கிறது. முற்காலத்தில் இங்கே நீருக்கடியில் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்து பெரிய பார்களாக இருந்தன. ஆதிக்குடிமக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவற்றை உண்டு வந்தார்கள். அவர்கள் உண்டு போட்ட ஓடுகள் கரையோரங்களில் மேடுகளாகக் குவிந்தன.

ஐரோப்பியர் வந்த பின் நிலைமை மாறியது. வீடு கட்டச் சுண்ணாம்பு தேவைப்பட்டது. முதலில் பழைய ஓட்டு மேடுகளைச் சுட்டார்கள். பிறகு உயிர்ச் சிப்பிகளையும் சுட்டார்கள். அயல் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் உயிர்ச் சிப்பியைச் சுடுவதைத் தடுக்க 1868இல் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. மோர்ட்டன் குடாவில் சிப்பித் தொழில் 1891ஆம் ஆண்டளவில் உச்சத்துக்கு வந்தது. அதன் பின் சரிவுதான். காடு வெட்டிய நிலங்களிலிருந்து மழைநீரோடு சேறு வந்தது. 1893இல் பெருவெள்ளம் வந்தது. சேற்றுப்புழு சிப்பிகளைத் தாக்கியது. நீருக்கடியில் இருந்த பார்கள் மெல்ல மெல்ல இல்லாமற் போயின. கரைக் கற்களிலும் கண்டல் வேர்களிலும் மட்டும் கொஞ்சம் சிப்பி எஞ்சியது.

அவுஸ்திரேலியா முழுவதற்கும் இதே கதைதான். பாறைச் சிப்பிப் பார்களில் நூற்றுக்கு எட்டுப் பங்கு மட்டுமே எஞ்சியுள்ளதாக 2018இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. தட்டைச் சிப்பிப் பார்களில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடல் ஏன் தானாக மீளவில்லை?

பிடிப்பதை நிறுத்திவிட்டால் சிப்பி மறுபடி பெருகாதா என்று நாம் கேட்கலாம். அது நடக்கவில்லை. காரணம் சிப்பியின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது.

ஒரு சிப்பி இலட்சக்கணக்கில் முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இரண்டு மூன்று வாரங்கள் நீரில் மிதந்து திரியும். பின்னர் கடினமான ஓரிடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஆயுள் முழுவதும் அதே இடம்தான். அவை மிகவும் விரும்பி ஒட்டுவது தம் இனத்தின் பழைய ஓட்டில். ஓடுகளெல்லாம் சூளைக்கும் குப்பைமேட்டுக்கும் போய்விட்டன. அடியில் இருப்பது சேறு மட்டும். குஞ்சுகள் இன்றும் வருகின்றன. காலூன்ற இடமில்லாமல் சேற்றில் விழுந்து மடிகின்றன.

தூண்டிற்காரரின் வேலை

கலாநிதி பென் டிகிள்ஸ் மீன்களுக்கும் சிப்பிகளுக்கும் வரும் நோய்களை ஆராய்பவர். மோர்ட்டன் குடாவின் சிப்பிப் பார்கள் அழிந்த வரலாற்றையும், நீரின் தரம் கெட்டதே அதற்கு அடிப்படை என்பதையும் 2013இல் எழுதினார். அவரும் ஒரு தூண்டிற்காரரே. பமிஸ்டோன் பகுதி மக்களும் ஆதிக்குடியினரும் தூண்டிற்காரரும் சேர்ந்து முயன்றதில், 2017ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சோதனைப் பார்கள் இடப்பட்டன.

தூண்டிற்காரரின் தொண்டு அமைப்பான ஒஸ்பிஷ், பிரிஸ்பேன் துறைமுகப் பகுதியில் ஓடு சேர்க்கும் இடம் ஒன்றை அமைத்தது. கடலுணவு நிறுவனங்கள் எறியும் ஓடுகள் அங்கே வருகின்றன. தொண்டர்கள் அவற்றைப் பரப்பி, புரட்டிப் புரட்டி மாதக்கணக்கில் வெயிலில் காயவிடுகிறார்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் நோய்க்கிருமிகள் கடலுக்குள் போகக்கூடாது என்பதற்காகவே இந்தக் காய்ச்சல். காய்ந்த ஓடுகளைக் கம்பிவலைக் கூடைகளில் நிரப்பி, அனுமதி பெற்ற இடங்களில் கடலடியில் வைக்கிறார்கள். சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்துக் கரைந்துவிடும். அதற்குள் புதிய சிப்பிகள் ஓடுகளைப் பிணைத்து ஒரே கட்டியாக்கிவிட வேண்டும்.

இந்த வேலைக்குப் படிப்பும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். கூடை நிரப்பும் நாட்களில் ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் வருகிறார்கள்.

கிடைப்பது என்ன?

சிப்பி நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு, தெளிந்த நீரை வெளியே விடுகிறது. வளர்ந்த பெரிய சிப்பி ஒரு நாளில் நூறு லீற்றருக்கும் மேல் வடிகட்டக்கூடியது. நீர் தெளிந்தால் வெயில் அடிவரை இறங்கும், கடற்புல் வளரும். பாரின் இடுக்குகளில் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளரும். அவற்றைத் தேடிப் பெரிய மீன் வரும்.

இதனால்தான் தூண்டிற்காரர் வருகிறார்கள். மீன் குறைந்துகொண்டு போவதைத் தம் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். மீன் இல்லை என்று குறைசொல்லிக்கொண்டே இருப்பதை விட, மீனுக்கு வீடு கட்டிக் கொடுப்பது நல்லது என்று நினைத்தார்கள். இதில் சுயநலம் இல்லையா? உண்டு. ஆனால் அந்த நலம் கடலோடு சேர்ந்த நலம்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. சேறும் அழுக்கும் ஆற்றால் வந்துகொண்டே இருந்தால் கூடைகள் மட்டும் போதாது. நூறு ஆண்டில் அழிந்தது ஐந்து ஆண்டில் திரும்பாது. இன்று கூடை நிரப்பும் முதியவர் பார் எழும்புவதைக் காணாமலே போகலாம். அது தெரிந்தே அவர் நிரப்புகிறார்.

சகோதரிகளே, இருந்த இடத்தை விட்டுப் போய், வெறுங்கையோடு மறுபடி தொடங்கியவர்களுக்கு இந்தச் சிப்பிக் குஞ்சின் நிலை விளங்கும். அதற்கு உயிர் இருக்கிறது, வளரும் வலுவும் இருக்கிறது. இல்லாதது ஒட்டிக்கொள்ள ஓரிடம். அந்த இடத்தை யாராவது கொடுக்க வேண்டும். மோர்ட்டன் குடாவில் அதைக் கொடுப்பவை, முன்பு வாழ்ந்து மறைந்த சிப்பிகளின் ஓடுகள். அவற்றைச் சுமந்து கொண்டுபோய் வைப்பவை, அயலவரின் கைகள்.